மிஸ் மேரி (1957 திரைப்படம்)

மிஸ் மேரி 1957 ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் இந்தித் திரைப்படம் ஆகும். எல். வி. பிரசாத் இயக்கத்தில் சென்னை ஏவிஎம் நிறுவனம் தயாரித்த இக்காதல் நகைச்சுவைப் படத்தில் மீனா குமாரி, ஜெமினி கணேசன், கிஷோர் குமார், ஜமுனா, ஓம் பிரகாஷ், ஜகதீஷ் சேத்தி ஆகியோர் நடித்துள்ளனர். ஹேமந்த் குமார் இசையமைத்தார். பாடல்களை ராஜேந்திர கிருஷண் எழுதினார். இது 1955 இல் வெளிவந்த மிஸ்ஸியம்மா என்னும் தமிழ்ப் படத்தின் மறு ஆக்கமாகும்.

ஒரு தமிழ்ப் படம் இந்தியில் மீண்டும் எடுக்கப்படும்போது கதையும் காட்சிகளும் வடக்கே செல்வதும், கதாநாயகன் மட்டும் சென்னையிலேயே நின்றுவிடுவதும் வழக்கம். மிஸ் மேரி இதற்கு ஒரு விலக்கு. தமிழ்ப் படத்தின் கதாநாயகனே இந்திப் படத்திலும் கதாநாயகனாக நடித்தார். அவர் புதுக்கோட்டையில் பிறந்த ஜெமினி கணேசன். இப்படத்தைத் தமிழ்த் திரை வரலாற்றின் ஒரு பகுதியாகவும் படிக்கவேண்டியிருப்பது இதனால்தான்.

கதைச்சுருக்கம்

ஊர்ப்புறத்தில் வாழும் பெருநிலக்கிழார் ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன் திருவிழாக் கூட்டத்தில் காணாமற்போன தம் மூத்த மகளின் நினைவாக ஒரு பள்ளிக்கூடம் நடத்தி வருகிறார். அதற்குப் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் இருவர் தேவை. அவர்கள் கணவன் மனைவியாக இருக்கவேண்டும் என்பது அவரது நிபந்தனை. வேலையில்லாப் பட்டதாரியான இளைஞன் ஒருவன் இந்த விளம்பரத்தைப் பார்க்கிறான். கடன் கொடுத்தவன் தன்னையே மணக்கவேண்டும் என்று நெருக்குவதால் எப்படியாவது பணம் ஈட்டியாக வேண்டிய நிலையில் இருக்கிறாள் மேரி என்ற கிறித்தவப் பெண். இருவரும் கணவன் மனைவியாக நடித்து அவ்வேலையைப் பெறுகின்றனர்.

வேலை கிடைத்த பிறகே சிக்கல்கள் தொடங்குகின்றன. நிலக்கிழாரும் அவர் மனைவியும் ஆசிரியை மீது மகளைப் போல் அன்பு பொழிகின்றனர். இந்துக் குடும்பத்துச் சடங்குகளையும் விரதங்களையும் அவளிடம் எதிர்பார்க்கின்றனர். அவளோ எரிச்சலில் எந்நேரமும் உண்மையைச் சொல்லிவிடும் நிலையில் இருக்கிறாள். அவளைச் சமாதானப்படுத்துவதும் வீட்டாருக்கு ஏற்ற பொய்களைச் சொல்வதும் இளைஞனின் அன்றாட வேலை ஆகின்றன. அவன் அவ்வீட்டின் இளைய மகள் சீதாவுடன் பழகுவதைக் கண்டு மேரிக்குப் பொறாமை வருகிறது. பொய்யாகத் தொடங்கிய உறவு உண்மையாகிவிட்டதை அந்தப் பொறாமைதான் அவளுக்கு உணர்த்துகிறது.

நிலக்கிழாரின் உறவினனான ராஜு தன்னை ஒரு துப்பறிவாளனாகக் கருதிக்கொள்பவன். மேரியின் காலில் உள்ள மச்சத்தைக் கொண்டு, காணாமற்போன மூத்த மகள் அவளே என்று அவன் கண்டுபிடிக்கிறான். கிறித்தவத் தம்பதியர் அவளைக் கண்டெடுத்து வளர்த்தது தெரியவருகிறது. மேரிக்கும் அவ்விளைஞனுக்கும், சீதாவுக்கும் ராஜுவுக்கும் திருமணம் நிச்சயமாகிறது.

மூலப்படமும் அதன் மூலமும்

மிஸ்ஸியம்மாவை இந்திப் படத்தின் மூலம் என்று கூறும்போது ஒன்றைச் சேர்த்தே சொல்லவேண்டும். நாகி ரெட்டி, சக்ரபாணி ஆகியோரின் விஜயா நிறுவனம் இக்கதையைத் தமிழிலும் தெலுங்கிலும் ஒருசேர எடுத்தது. தெலுங்குப் பதிப்பின் பெயர் மிஸ்ஸம்மா. இரண்டும் 1955 சனவரியில், பொங்கலையொட்டி, இரண்டு நாள் இடைவெளியில் வெளியாயின. இரண்டையும் இயக்கியவர் எல். வி. பிரசாத், ஒளிப்பதிவு மார்க்கஸ் பார்ட்லி, இசை எஸ். ராஜேஸ்வர ராவ். எனவே இவற்றில் ஒன்று மூலம், மற்றது நகல் என்று பிரிப்பது பொருந்தாது.

கதையின் வேர் வங்காளத்தில் உள்ளது. ரவீந்திரநாத் மைத்ரா எழுதிய 'மான்மயி கேர்ள்ஸ் ஸ்கூல்' என்ற நகைச்சுவை நாடகத்தைத் தழுவியே சக்ரபாணி திரைக்கதையை அமைத்தார். (இந்த ரவீந்திரநாத் வேறு, தாகூர் வேறு.) வங்க எழுத்தாளர் சரத் சந்திரரின் படைப்புகளைத் தெலுங்கில் மொழிபெயர்த்தவர் சக்ரபாணி என்பதால் அம்மொழி இலக்கியம் அவருக்கு நன்கு பழக்கமானது. அந்நாடகம் 1935 இல் கானன் தேவி நடிப்பில் வங்காளத்தில் படமாகியிருந்தது. மிஸ் மேரி வெளிவந்ததற்கு மறு ஆண்டு, 1958 இல், உத்தம் குமார் நடிப்பில் மீண்டும் அங்கே படமாயிற்று. ஆக, இந்தி ரசிகர்களுக்கு இக்கதை வங்காளத்திலிருந்து நேரே செல்லாமல் சென்னையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தது.

தமிழ், தெலுங்குப் படங்களின் கதாநாயகியாக முதலில் ஒப்பந்தமானவர் பி. பானுமதி. சில காட்சிகள் படமான பிறகு அவருக்கும் சக்ரபாணிக்கும் இடையே மனவேறுபாடு ஏற்பட்டு அவர் விலகினார். இளைய மகள் சீதாவாக நடிக்கவிருந்த சாவித்திரி மேரியானார். சீதாவின் வேடம் ஜமுனாவுக்குச் சென்றது. சாவித்திரியை முதல்நிலை நடிகையாக உயர்த்திய படங்களுள் இதுவும் ஒன்று.

கதாநாயகன் மட்டும் இரு மொழிகளிலும் வேறு வேறு. தெலுங்கில் என். டி. ராமராவ், தமிழில் ஜெமினி கணேசன். துப்பறியும் ராஜுவாகத் தெலுங்கில் அக்கினேனி நாகேசுவர ராவும் தமிழில் கே. ஏ. தங்கவேலுவும் நடித்தனர். இந்த ஒரு வேறுபாடே இரு படங்களின் சுவையையும் மாற்றியது எனலாம். தெலுங்கில் முன்னணிக் கதாநாயகர் ஒருவர் செய்த வேடத்தைத் தமிழில் நகைச்சுவை நடிகர் செய்ததால், தமிழ்ப் படத்தில் காதல் முழுவதும் கணேசன், சாவித்திரி இணையின் பொறுப்பாகிவிட்டது. இவ்விருவரும் 1952 இலேயே திருமணம் செய்துகொண்டிருந்தனர். அத்திருமணம் வெளியே அறிவிக்கப்படாமல் இருந்தது. திரையில் மணமாகாமலே மணமானவர்களாக நடித்தவர்கள், வாழ்வில் மணமாகியும் மணமாகாதவர்கள் போல் இருந்தவர்கள்!

இந்தி மறு ஆக்கம்

காரைக்குடியைச் சேர்ந்த ஏ. வி. மெய்யப்பன் நிறுவிய ஏவிஎம், 1950களின் தொடக்கத்திலிருந்தே இந்திப் படங்களை எடுத்து வந்தது. 1949 இன் வாழ்க்கை படத்தை பஹார் (1951) என்ற பெயரில் எடுத்ததே இதன் தொடக்கம். அதன் பின்னர் லட்கி (1953), பாயீ பாயீ (1956), குல தெய்வத்தின் மறு ஆக்கமான பாபீ (1957) முதலியன வந்தன. இவற்றில் பெரும்பாலானவை ஒரே வகையில் உருவானவை: கதையும் படப்பிடிப்புத் தளமும் தொழில்நுட்பக் கலைஞர்களும் சென்னையைச் சேர்ந்தவை, உரையாடல், பாடல், இசை, முதன்மை நடிகர்கள் ஆகியவை பம்பாயிலிருந்து பெறப்பட்டவை. இந்த முறையில் கதாநாயகியருக்குக் கிடைத்த இடம் கதாநாயகருக்குக் கிடைக்கவில்லை. வைஜெயந்திமாலா வாழ்க்கையிலும் நடித்தார், பஹாரிலும் நடித்தார். பின்னர் இந்தித் திரையுலகின் முதல்வரிசையில் அமர்ந்தார். தமிழில் அவருடன் நடித்த ஆண்களின் இடத்தில் பம்பாய் நடிகர்கள் வந்தனர்.

கணேசனுக்கே இது நேர்ந்திருக்கிறது. ஏவிஎம்மின் பெண் (1954) படத்தில் வைஜெயந்திமாலாவுக்கு இணையாக நடித்தவர் அவர். அக்கதையின் இந்திப் பதிப்பான லட்கியில் வைஜெயந்திமாலா தொடர்ந்தார். கணேசனின் வேடத்தைப் பாரத் பூஷண் ஏற்றார். மிஸ் மேரிக்கு அதே நிறுவனம் அவரையே அழைத்தது என்பதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கவேண்டும்.

இயக்குநராக எல். வி. பிரசாத்தே தொடர்ந்தது இந்தி மறு ஆக்கத்துக்குப் பெரிதும் உதவியது. இந்தியாவின் முதல் பேசும் படமான ஆலம் ஆராவிலும், தமிழின் முதல் பேசும் படமான காளிதாசிலும் (இரண்டும் 1931) சிறு வேடங்களில் நடித்த பிரசாத்துக்குப் பம்பாய் புதிய இடமன்று. மீனா குமாரியும் ராஜ் கபூரும் நடித்த சாரதா படத்தை அவர் இயக்கியதும் இதே 1957 இல்தான். அதுவும் எதிர்பாராதது (1954) என்ற தமிழ்ப் படத்தின் மறு ஆக்கமே. ஆக அவ்வாண்டு மீனா குமாரி, தமிழிலிருந்து சென்ற இரு கதைகளில், ஒரே இயக்குநரிடம், ஒன்றில் சிரிக்கவைத்தும் மற்றொன்றில் அழவைத்தும் நடித்தார். பின்னாளில் துயர வேடங்களுக்கே பெயர்பெற்ற அவரது நகைச்சுவைத் திறனை அறிய விரும்புவோர் பார்க்கவேண்டிய படம் மிஸ் மேரி.

நடிகர்கள்

மூன்று மொழிகளிலும் ஒரே வேடத்தில் நடித்தவர் ஜமுனா. சீதாவாகத் தெலுங்கு, தமிழ், இந்தி ஆகிய மூன்றிலும் அவரே தோன்றினார். பின்னர் மிலன் (1967) என்ற இந்திப் படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான பிலிம்பேர் விருதைப் பெற்றார். அவர் 2023 சனவரியில் காலமானார்.

ராஜுவின் வேடம் கிஷோர் குமாருக்குத் தரப்பட்டது. நாகேசுவர ராவிடம் காதலனாகவும் தங்கவேலுவிடம் நகைச்சுவைப் பாத்திரமாகவும் இருந்த ராஜு, கிஷோர் குமாரிடம் ஓயாமல் துள்ளும் ஒரு குறும்பனாக மாறினான். சில காட்சிகளில் கதாநாயகனைப் பின்னுக்குத் தள்ளிவிடும் அளவுக்கு இவ்வேடம் மேலோங்குகிறது. தமிழில் கே. சாரங்கபாணியும் தெலுங்கில் ரேலங்கியும் செய்த, கதாநாயகனுடன் ஒட்டிக்கொண்டு வரும் ஏழையின் வேடத்தை ஓம் பிரகாஷ் ஏற்றார். எஸ். வி. ரங்கா ராவ் செய்த நிலக்கிழார் வேடத்தில் ஜகதீஷ் சேத்தி நடித்தார். ரங்கா ராவின் பெருமிதமும் குழந்தைத்தனமும் கலந்த நடிப்பைத் தமிழில் பார்த்தவர்களுக்கு இந்த ஓரிடத்தில் மறு ஆக்கம் சற்று மெலிந்ததாகத் தோன்றக்கூடும்.

பாடல்கள்

ராஜேஸ்வர ராவ் அமைத்த மெட்டுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஹேமந்த் குமார் புதிதாக இசையமைத்தார். வங்காளத்துக் கதைக்கு வங்காளத்து இசையமைப்பாளரே வாய்த்தது தற்செயலான பொருத்தம். ஆயினும் ஒரு மெட்டு மட்டும் மொழிகளைக் கடந்து சென்றது. தமிழில் 'பிருந்தாவனமும்' எனத் தொடங்கும் இருவர் பாடலின் மெட்டே, பிருந்தாவனத்துக் கண்ணனைப் பற்றிய இந்திப் பாடலுக்கும் அமைந்தது. தமிழிலும் தெலுங்கிலும் ஏ. எம். ராஜா, பி. சுசீலா ஆகியோர் பாடியதை இந்தியில் முகமது ரபி, லதா மங்கேஷ்கர் ஆகியோர் பாடினர். மொழி, பாடகர் எல்லாம் மாறியும் மெட்டு அடையாளம் மாறாமல் இருப்பதை அடுத்தடுத்துக் கேட்டால் எளிதில் உணரலாம்.

நிலாவை நோக்கிப் பாடும் பாடல் வேறு வகை. தமிழில் ராஜாவும் பி. லீலாவும் பாடிய இப்பாடலுக்கு எழுதியவர் தஞ்சை ராமையாதாஸ். ஊடல் கொண்ட இருவர், ஒருவரோடு ஒருவர் பேச மறுத்து, நிலவை நடுவராக்கி முறையிடுவது இதன் சூழல். இந்தியில் சூழல் அப்படியே நிற்க, ரபியும் லதாவும் பாடும் புதிய பாடலொன்று இடம்பெற்றது. நாடகத்துக்குத் தேவையானதைக் காப்பாற்றிக்கொண்டு இசையை மட்டும் மாற்றியதற்கு இது நல்ல சான்று. இந்திப் பாடல்களுள் நெடுங்காலம் வானொலியில் ஒலித்ததும் இதுவே. கிஷோர் குமார் தம் வேடத்துக்குத் தாமே பாடினார்.

கதாநாயகன்

ஜெமினி கணேசன் 1920 நவம்பர் 17 அன்று, தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியிலிருந்த புதுக்கோட்டையில் பிறந்தார். (அந்த அரசு 1948 மார்ச்சில் இந்தியாவுடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது, தனி மாவட்டமாக 1974 சனவரி 14 அன்று உருவாக்கப்பட்டது.) அவரது குடும்பம் கல்வியால் அறியப்பட்டது. உறவில் அவருக்கு அத்தையான மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் தந்தை, புதுக்கோட்டை மகாராசா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். கணேசன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் பயின்று, சிறிது காலம் அங்கேயே கற்பித்தார். பின்னர் ஜெமினி ஸ்டுடியோவில் நடிக்க வாய்ப்புக் கேட்டு வருவோரைத் தேர்ந்தெடுக்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அந்நிறுவனத்தின் பெயரே அவர் பெயரோடு நிலைத்தது. 1947 இல் மிஸ் மாலினியில் சிறு வேடத்தில் அறிமுகமானார். மிஸ் மாலினி, மிஸ்ஸியம்மா, மிஸ் மேரி என்று தலைப்பில் 'மிஸ்' வரும் படங்கள் மூன்று அவர் வாழ்வில் அமைந்தன.

பட்டம் பெற்று, ஆசிரியராக இருந்து, வேலை தேடியும் வேலை கேட்டு வருவோரைக் கண்டும் பழகிய ஒருவருக்கு, வேலையில்லாப் பட்டதாரி ஆசிரியனாக நடிக்கும் இவ்வேடம் இயல்பாகப் பொருந்தியதில் வியப்பில்லை. அவரது நடிப்பில் உரத்த குரலோ பெரிய அங்க அசைவோ இல்லை. எதிரில் இருப்பவரின் சினத்தைப் பொறுத்துக்கொண்டு, ஒரு பொய்யிலிருந்து அடுத்த பொய்க்கு முகம் மாறாமல் நகர்வதே இவ்வேடத்தின் நகைச்சுவை. இதே புதுக்கோட்டை தந்த முந்தைய பெருநடிகர் பி. யு. சின்னப்பாவோடு (1916–1951) ஒப்பிட்டால் தமிழ்க் கதாநாயகனின் இலக்கணம் மாறிய விதம் புலப்படும். சின்னப்பா நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர், தம் பாடல்களைத் தாமே பாடியவர், வாள் சுழற்றியவர். கணேசன் கல்லூரியிலிருந்து வந்தவர். பிறர் குரலில் பாடியவர். பின்னணிப் பாடல் முறை நிலைபெற்ற பிறகே கணேசனைப் போன்ற ஒருவர் இந்திக்குச் செல்வது இயன்றது. ராஜாவின் இடத்தில் ரபியை வைத்தால் போதுமானதாயிற்று.

கணேசனுக்கு இது முதல் இந்திப் படம் அன்று. கணவனே கண்கண்ட தெய்வம் படத்தின் இந்தி வடிவமான தேவதா (1956) முன்னரே வந்திருந்தது. வஞ்சிக்கோட்டை வாலிபனின் இந்தி வடிவமான ராஜ் திலக் (1958) அடுத்து வந்தது. இரண்டிலும் அவரே கதாநாயகன். ஆனால் இவ்வாய்ப்பு நீடிக்கவில்லை. கல்யாண பரிசு (1959) தமிழில் அவருக்குப் பெரும்புகழ் தந்த படம். அதை ஸ்ரீதர் நஸ்ரானா (1961) என இந்தியில் எடுத்தபோது கதாநாயகன் வேடம் ராஜ் கபூருக்குச் சென்றது. கணேசன் சிறப்புத் தோற்றத்தில் மட்டும் நடித்தார். 1953 இல் இடம் இழந்து, 1956 முதல் 1958 வரை இடம் பெற்று, 1961 இல் மீண்டும் இழந்த இவ்வரலாற்றில், சமூகக் கதையொன்றில் அவர் இந்தி ரசிகர்கள் முன் முழுமையாக நின்றது மிஸ் மேரியில் மட்டுமே. அரசகதைப் படங்களில் உடையும் சண்டையும் நடிகனுக்குத் துணை நிற்கும்; வீட்டுக்குள் நிகழும் நகைச்சுவையில் அத்தகைய துணை இல்லை. பின்னாளில் அவரது மகள் ரேகா இந்தித் திரையுலகின் முன்னணி நடிகையானார்.

கதைமுடிவு பற்றி

இப்படம் எழுப்பும் கேள்வி சிறியதன்று. வேறு வேறு சமயத்தைச் சேர்ந்த இருவர், வயிற்றுப்பாட்டுக்காக ஒரே வீட்டில் வாழ நேர்கிறது; அவர்களிடையே அன்பு தோன்றுகிறது. விரதம் இருக்க மறுக்கும் மேரியின் பக்கம் நியாயம் உள்ளது என்பதைப் படம் மறைக்கவில்லை. தன் நம்பிக்கையை மறைத்து வாழ்வதன் எரிச்சலை அவள் ஒவ்வொரு காட்சியிலும் வெளிப்படுத்துகிறாள். ஆனால் அவள் பிறப்பால் அவ்வீட்டு மகளே என்று மச்சத்தைக் காட்டி முடித்துவிடுவதன் மூலம், கலப்பு மணம் என்ற சிக்கலை எதிர்கொள்ளாமலே படம் தப்பித்துவிடுகிறது. தமிழிலும் தெலுங்கிலும் இருந்த இந்தத் தப்பித்தல் இந்தியிலும் தொடர்ந்தது. அன்றைய தணிக்கையையும் ரசனையையும் கருதினால் வேறுவழி இருந்திருக்குமா என்பது விவாதத்துக்குரியது. எனினும் அவளை வளர்த்த கிறித்தவப் பெற்றோரை எந்தப் பதிப்பும் இழிவாகக் காட்டவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பிற்கால மறு ஆக்கங்கள்

தமிழ் நகைச்சுவைக் காதல் கதைகள் இந்திக்குச் செல்வது இதன் பின்னரும் தொடர்ந்தது. அவற்றுள் பெயர்பெற்றது ஸ்ரீதரின் காதலிக்க நேரமில்லை (1964). அது அவராலேயே பியார் கியே ஜா (1966) என இந்தியில் எடுக்கப்பட்டது. நாகேஷின் புகழ்பெற்ற வேடத்தில் மெஹ்மூத் நடித்தார். மிஸ் மேரியில் நடித்த கிஷோர் குமாரும் ஓம் பிரகாஷும் அதிலும் இடம்பெற்றனர். தமிழ்ப் படத்தில் நடித்த ரவிச்சந்திரனும் முத்துராமனும் இந்திக்குச் செல்லவில்லை.

மீனா குமாரி 1972 இலும், சாவித்திரி 1981 இலும், ஜெமினி கணேசன் 2005 மார்ச் 22 அன்றும் காலமாயினர். எல். வி. பிரசாத்துக்கு 1982 ஆம் ஆண்டுக்கான தாதாசாகெப் பால்கே விருது வழங்கப்பட்டது.